‘விழுந்திடுவீங்க, உட்காருங்க’ என்று சொல்லலாமா? – முதியோருக்குத் தாய்ச்சி, சீகோங் பயிற்சி



குடும்ப நல ஏடு என்றதும் “மறுபடியும் பிள்ளைப்பேறு விஷயம்தானே” என்று மடித்து வைத்துவிடாதீர்கள். இந்தத் தடவை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவரைப் பற்றிப் பேசப் போகிறோம்.

“நாம் இருவர், நமக்கு இருவர்” என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதிய இலாகாதான் இது. அந்தப் பேச்சைக் கேட்டு அளவோடு பெற்று நிறுத்திய குடும்பங்களில் இன்று பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் குறைவு. நாலு மருமகள் இருந்த வீட்டில் ஒருத்தி களையெடுக்கப் போனால் இன்னொருத்தி வீட்டில் இருந்தாள். இப்போது ஒரே மகன், ஒரே மருமகள். பெரியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் மருமகளுடைய கூலி போச்சு, மகனுடைய வேலை போச்சு, வைத்தியச் செலவுக்குக் கடன் வேறு. ஆகவே, வயதானவர் விழாமல் இருப்பதும் குடும்ப நலத்தில் சேர்ந்ததுதான்.

முதலில் என் வீட்டில் நடந்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயாருக்கு அப்போது 74 வயது. வாழ்நாள் முழுக்க வயல் வரப்பில் நடந்த கால். ஒரு நாள் வாசற்படி தடுக்கிக் கீழே விழுந்தார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. “அம்மா, எழுந்திருக்காதே, தண்ணி நான் கொண்டாறேன்.” “அத்தே, நீங்க உக்காருங்க, விழுந்திடுவீங்க.” அன்போடு சொன்னதுதான். ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. அவரும் உட்கார்ந்தார். ஒரு நாள் விடியற்காலையில் யாரையும் எழுப்ப வேண்டாமென்று தானாக எழுந்து கொல்லைப்பக்கம் போனவருக்குக் கால் நிற்கவில்லை. துவைக்கிற கல் பக்கத்தில் விழுந்தார். தொடையெலும்பின் மேல் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. “இதற்கு முன்னால் தினம் எவ்வளவு நடப்பார்கள்?” என்று டாக்டர் கேட்டார். ஊர் ஊராகப் படத்தை மாட்டிக்கொண்டு சுகாதாரம் பேசுகிற எனக்குச் சொல்ல ஒரு பதிலும் இல்லை.

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கிற மாதிரி உடல் பலத்தைச் சேர்த்து வைக்க முடியாது. “எங்க அப்பா காலம் பூரா ஏரு ஓட்டினவரு சார், அவருக்கு எதுக்கு எக்ஸர்சைஸு?” என்று கூட்டங்களில் கேட்பார்கள். ஓட்டினார், உண்மை. ஆனால் உபயோகிக்காத தசை வயதானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வற்றத் தொடங்கிவிடும். தொடைத் தசை வற்றினால் நடை தள்ளாடும். தள்ளாடினால் பயம் வரும். பயம் வந்தால் இன்னும் உட்காருவார். உட்கார உட்கார இன்னும் வற்றும். செக்கு மாடு போல இதிலேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் விழுவார்.

இது சின்ன விஷயமில்லை. கீழே விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதில் 60 வயதைத் தாண்டியவர்களே மிக அதிகம். விபத்துக் காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இந்தச் சுற்றை எப்படி உடைப்பது என்று பல பயிற்சிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சோதித்தும் தேறி வந்தவற்றில் ஒன்று சீன நாட்டுப் பயிற்சி. அதன் பெயர் தாய்ச்சி. அதற்கு அண்ணன் முறையில் இன்னும் பழைய பயிற்சி ஒன்று உண்டு, சீகோங் என்பது.

தாய்ச்சி எங்கிருந்து வந்தது?

ஒரு விவசாயக் கிராமத்திலிருந்துதான். சீனாவில் ஹெனான் மாகாணத்தில், மஞ்சள் நதிக்கு வடக்கே, சென் என்ற குடும்பத்தார் வாழும் சென்ஜியாகோ என்று ஓர் ஊர். 17-ஆம் நூற்றாண்டில் அந்த வம்சத்தைச் சேர்ந்த சென் வாங்டிங் என்பவர் இதை வகுத்ததாகச் சொல்வார்கள். அப்போது அது சண்டைக் கலை, நம் சிலம்பம் மாதிரி. யாங் லூச்சான் (1799–1872) என்பவர் அந்த ஊருக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து பீஜிங் நகரத்தில் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பேரன் காலத்தில் அது மெதுவான, வீச்சுப் பெரிதான அசைவுகளாக மாறி, சாதாரண ஜனங்களும் செய்யக்கூடியதாக ஆயிற்று. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறையார் நீண்ட வரிசையைச் சுருக்கி 24 அசைவுகளாக்கினார்கள். ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். இன்றைக்கும் அங்கே விடியற்காலையில் பூங்காக்களில் தாத்தாவும் பாட்டியும் கூட்டமாக நின்று செய்கிறார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

சீகோங் இதைவிடப் பழையது. 1973-இல் சாங்ஷா நகரத்தின் அருகே மவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-இல் மூடிய கல்லறை. அதற்குள் ஒரு பட்டுத் துணி கிடைத்தது. அதில் 44 பேர் உடற்பயிற்சி செய்கிற மாதிரி வரைந்திருந்தது. ஆண்கள், பெண்கள், இளையவர், முதியவர் எல்லாரும் அதில் உண்டு. சீகோங் என்று இப்போது சொல்லும் மூச்சோடு சேர்ந்த மெதுப் பயிற்சிகளுக்கு இதெல்லாம் முன்னோடி. இவற்றில் முதியோருக்கு எளிதானது ‘பாதுவான்ஜின்’ என்கிற எட்டு அசைவு வரிசை.

மெதுவாகச் செய்வதில் என்ன லாபம்?

“இது என்னங்க, தூக்கத்துல நடக்கற மாதிரி இருக்கு” என்று ஓர் ஊரில் ஒரு அம்மா சிரித்தார். பார்க்க அப்படித்தான் இருக்கும். அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: “மழை பேஞ்ச வரப்புல நாத்துக்கட்டோட எப்படித் தாயி நடப்பீங்க?” “கால வச்சுப் பாத்து, வழுக்கலேன்னு தெரிஞ்சப்புறம்தானே சார் பாரத்தைப் போடுவோம்.” தாய்ச்சி நடை முழுவதும் அந்த அம்மா சொன்னதுதான்.

நாம் நடக்கும்போது இரண்டு கால்களாலும் நடப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நடக்கிற நேரத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பின் பாரம் மாறுகிற அந்தக் கணத்தில்தான் முதியவர் தடுமாறுகிறார். திரும்பும்போது, படி ஏறும்போது, கூப்பிட்ட குரலுக்குச் சட்டென்று எழும்போது தடுமாறுவதற்கும் இதுவே காரணம். தாய்ச்சியில் அந்தப் பாரம் மாறுகிற கணத்தை நீட்டி நீட்டிப் பழகுகிறார்கள். பாரம் ஏறிய காலை ‘நிறைந்த கால்’ என்றும் பாரம் இல்லாத காலை ‘வெறுங்கால்’ என்றும் சீனர்கள் சொல்லுவார்கள். எந்தக் கால் நிறைந்தது, எந்தக் கால் வெறுமை என்று ஒவ்வொரு அடியிலும் தெரிந்திருக்க வேண்டும். வேகமாக நடந்தால் வேகமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும், தசைக்கு வேலை குறைவு. மெதுவாகச் செய்தால் தொடை, கணுக்கால், இடுப்பு மூன்றும் பாரத்தைத் தாங்கியே தீர வேண்டும். செய்து பார்த்தால் தெரியும், ஐந்து நிமிஷத்தில் தொடை சூடாகும்.

இதையெல்லாம் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 200 பேரை வைத்துப் பார்த்தார்கள், 1996-இல் முடிவு வெளியாயிற்று. 15 வாரம் தாய்ச்சி பழகியவர்களிடம் திரும்பத் திரும்ப விழும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 2005-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில், ஓரிகன் மாநிலத்தில், வேலை வெட்டி இல்லாமல் வீட்டிலேயே இருந்த 70 முதல் 92 வயது வரையுள்ள 256 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தாய்ச்சி, மறு பாதிக்குக் கை கால் நீட்டும் சாதாரணப் பயிற்சி. வாரம் மூன்று நாள், ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் தாய்ச்சிக்காரர்கள் விழுந்தது 38 தடவை. மற்றவர்கள் 73 தடவை. 2018-இல் 670 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சியிலும் தாய்ச்சிதான் முன்னால் நின்றது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட கணக்கில் தாய்ச்சியால் விழுதல் குறைவது சுமார் 19 சதவீதம்தான். மற்ற நிதானப் பயிற்சிகளால் சுமார் 24 சதவீதம். ஆகவே இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பெயர் எதுவானால் என்ன, நின்று, பாரம் மாற்றி, தினந்தோறும் செய்கிற பயிற்சி எதுவும் உதவும். தாய்ச்சியை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம், இதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், தரையில் உட்கார்ந்து எழ வேண்டியதில்லை. மூட்டு வலிக்காரர் பாயில் உட்கார்ந்து யோகாசனம் செய்யச் சிரமப்படுவார், இதை நின்றபடியே செய்யலாம்.

மூட்டு வலிக்கே இது நல்லதா என்றால், ஆம். 2016-இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரில் தாய்ச்சி பழகியவர்களுக்கும், ஆஸ்பத்திரி பிசியோதெரபி எடுத்தவர்களுக்கும் வலி ஒரே அளவில் குறைந்தது. கை நடுங்குகிற பார்க்கின்சன் நோய்க்காரர்களுக்கும் நிதானம் கூடியதாக 2012-இல் கண்டார்கள்.

வீட்டில் எப்படி ஆரம்பிப்பது?

முழு வரிசையை ஆசிரியர் இல்லாமல் கற்றுக்கொள்ள முடியாது. அதன் அடிப்படையை மட்டும் வீட்டில் செய்யலாம். இடம் சமதளமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். சாணி மெழுகிய தரை காய்ந்த பிறகு செய்யவும். பக்கத்தில் சுவரோ, நகராத கனமான நாற்காலியோ இருக்கட்டும். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு வேண்டாம், வெறுங்காலோடு செய்யலாம். ஆனால் சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப் போனவர்கள் காலில் பொருந்துகிற, வார் உள்ள செருப்பு போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். சிறு கல் குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது.

முதல் வாரம் நிற்க மட்டும் பழகவும். இரண்டு பாதங்களையும் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை விறைக்காமல் லேசாகத் தளர்த்தி, முதுகு நிமிர்ந்து, பார்வை எதிரே. தோளைத் தூக்க வேண்டாம். மூச்சு தானாக வந்து போகட்டும், அடக்கக் கூடாது. பிறகு இரண்டு கைகளையும், தண்ணீரில் மிதந்து மேலே வருகிற மாதிரி, தோள் உயரம் வரை மெதுவாகத் தூக்கவும். இறக்கும்போது முழங்கால் சற்று மடியட்டும். ஆறு தடவை போதும். தாய்ச்சி வரிசை இந்த அசைவில்தான் தொடங்குகிறது.

அடுத்தது பாரம் மாற்றுதல். நின்ற இடத்திலேயே உடம்பின் பாரத்தை மெல்ல வலது காலுக்குக் கொண்டு போகவும். இடது கால் வெறுங்கால் ஆனதும், தரையை விட்டு எடுக்காமல் குதிகாலை மட்டும் தூக்கிப் பார்க்கவும். பிறகு மெல்ல இடது பக்கம். ஒரு பக்கம் போய்ச் சேர நாலைந்து எண்ணிக்கை ஆக வேண்டும். சுவரில் ஒரு விரல் தொட்டுக்கொண்டிருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இது இரண்டு மூன்று வாரம் நன்றாக வந்த பிறகு நடை. பாரத்தை ஒரு காலில் நிறுத்தி, மறு காலைச் சின்ன அடியாக முன்னே கொண்டுபோய்க் குதிகாலை மட்டும் தரையில் வைக்கவும். இன்னும் பாரம் போடவில்லை! இந்த நிலையில் காலைத் திரும்ப எடுத்துவிட முடிய வேண்டும். முடிந்தால் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம். காலை எடுக்க முடியாமல் உடம்பு முன்னே போய்விட்டால் அடி நீளம், சுருக்கவும். அப்புறம் மெதுவாகப் பாதம் முழுவதையும் பதித்து, பாரத்தை அதன் மேல் ஏற்றி, பின்னங்காலை வெறுமையாக்கி எடுக்கவும். பூனை நடை என்று சீனர்கள் சொல்லுவது இதைத்தான். மடிந்த முழங்கால் பாதத்தின் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. பாரம் இருக்கும் காலைத் திருப்பக் கூடாது. திரும்ப வேண்டுமானால் முதலில் பாரத்தை எடுத்துவிட்டுத் திருப்பவும். முழங்கால் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு தப்பினால்தான்.

சீகோங்கிலிருந்து ஓர் அசைவு சேர்த்துக்கொள்ளலாம். எட்டு அசைவு வரிசையில் முதலாவது: இரு கை விரல்களையும் கோத்து, உள்ளங்கை மேலே பார்க்க, வானத்தைத் தாங்குகிற மாதிரி தலைக்கு மேல் உயர்த்தி, மெல்ல இறக்குவது. தோள் பிடிப்பு உள்ளவர் முடிந்த மட்டும் தூக்கினால் போதும். அந்த வரிசையின் கடைசி அசைவில் குதிகாலை உயர்த்தி ‘தொம்’ என்று தரையில் இறக்குவார்கள். எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கு அந்த அதிர்ச்சி வேண்டாம். உயர்த்தி, மெதுவாக இறக்கட்டும்.

முதலில் பத்து நிமிஷம். போகப் போக இருபது, முப்பது. ஆராய்ச்சிகளில் பலன் தெரிந்தது வாரம் இரண்டு மூன்று நாள் வீதம் மூன்று மாதம், ஆறு மாதம் செய்தவர்களுக்கு. இரண்டு நாள் செய்துவிட்டு “ஒண்ணும் தெரியலியே” என்றால் பிரயோஜனம் இல்லை. சாப்பிட்ட உடனே வேண்டாம். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு செய்வதும் ஆபத்து.

கணவனும் மனைவியும் செய்ய வேண்டியது

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடத்தாதீர்கள். பெரியவருக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால் நின்று, அவருடைய இடுப்புக்கு அருகே கையைத் தயாராக வைத்திருந்தால் போதும். மாமனார் முன்னால் நின்று கையைக் காலை ஆட்ட மருமகள் கூச்சப்படுவாள், அவருக்கும் சங்கடம். மகன் அப்பாவோடு நிற்கட்டும், மருமகள் அத்தையோடு நிற்கட்டும். வேடிக்கை பார்க்கிற பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும். அது நல்லதுதான், தாத்தா மறுநாள் தானாகவே எழுந்து வருவார். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர்களான உங்களுக்கும் இது வீண் போகாது, முழங்கால் உங்களுக்கும் இருக்கிறதே.

பயிற்சி ஒரு பக்கம் இருக்க, கொல்லைப்பக்கம் போகிற வழியில் இரவில் ஒரு விளக்கு, கழிப்பறையில் பிடித்து எழ ஒரு குழாய்க் கம்பி, பாசி பிடித்த கல்லைத் தேய்த்துக் கழுவுவது, கண்புரை இருந்தால் ஆபரேஷன் – இவையும் வேண்டும். இவற்றைச் செய்யாமல் தாய்ச்சி மட்டும் செய்தால் பாதி வேலைதான்.

யார் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது?

கடந்த ஒரு வருஷத்தில் விழுந்தவர், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறவர், நெஞ்சு வலி அல்லது மூச்சிரைப்பு உள்ளவர், எலும்பு முறிவோ கண் ஆபரேஷனோ ஆகிச் சில மாதங்களே ஆனவர் – இவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டவும். சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போகவும். தலை சுற்றலுக்கு மாத்திரையின் அளவே காரணமாக இருக்கலாம். பயிற்சியின் நடுவில் நெஞ்சு அடைத்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே உட்கார வைத்து 108-க்குப் போன் செய்யவும்.

இன்னொரு எச்சரிக்கை. சீனாவில் 1980-களில் சீகோங் மோகம் ஒன்று பரவியது. கை படாமலே நோயைப் போக்குகிறேன், உடம்பிலிருந்து சக்தியை வெளியே விடுகிறேன் என்று பலர் கிளம்பி, ஜனங்கள் ஏமாந்தார்கள். ‘சீ’ என்றால் மூச்சு, உயிர்ச்சக்தி என்று அவர்கள் பொருள் சொல்லுவார்கள். அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். கால் பலப்படுவதற்கு நம்பிக்கை தேவையில்லை, நிற்கத்தான் வேண்டும். இதைச் செய்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம், பிரஷர் மாத்திரையை நிறுத்தலாம் என்று எவர் சொன்னாலும் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆரம்பிக்கும் நாளில் ஒரு சோதனை செய்து வைக்கவும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பெரியவரை உட்கார வைத்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டச் சொல்லவும். 30 வினாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து நின்று உட்காருகிறார் என்று எண்ணவும். ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் கணக்கு பூஜ்யம். 70 முதல் 74 வயது வரையுள்ள ஆண் 12-க்குக் குறைவாகவும், பெண் 10-க்குக் குறைவாகவும் எழுந்தால் கால் பலம் போதாது, விழ வாய்ப்பு அதிகம். அந்த எண்ணைத் தேதியோடு காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைக்கவும். மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில் உட்கார வைத்து மறுபடி எண்ணவும்.